செம்பனைக் காட்டில் சர்வர்கள்: உள்ளே வேலை செய்யப்போவது யார்?

செடெனாக் பக்கம் அண்மையில் போய்வந்தவர்கள் கவனித்திருப்பீர்கள். ஒரு காலத்தில் செம்பனை மரங்கள் வரிசை பிடித்து நின்ற இடத்தில் இப்போது பெரிய பெரிய கட்டடங்கள் நிற்கின்றன. தொழிற்சாலை என்று நினைத்தால் புகைபோக்கி இல்லை. கிடங்கு என்று நினைத்தால் லோரிகள் வரிசை கட்டவில்லை. அவை தரவு மையங்கள். நாம் கைப்பேசியில் பார்க்கும் காணொளி, அனுப்பும் மின்னஞ்சல், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் இப்படிப்பட்ட கட்டடங்களுக்குள் இருக்கும் கணினிகளில்தான் தங்குகின்றன.

இவை ஏன் ஜொகூரைத் தேடி வந்தன? சிங்கப்பூர் 2019-இல் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி கொடுப்பதை நிறுத்தி வைத்தது. நிலமும் மின்சாரமும் அங்கே குறைவு. 2022-இல் கடும் நிபந்தனைகளோடு மீண்டும் அனுமதித்தது. அந்த இடைவெளியில் முதலீட்டாளர்களின் பார்வை பாலத்தின் இந்தப் பக்கம் திரும்பியது. 2023 டிசம்பரில் ஒய்.டி.எல். நிறுவனமும் அமெரிக்காவின் என்விடியா நிறுவனமும் கைகோத்து, கூலாயில் செயற்கை நுண்ணறிவுக்கான கணினிக் கட்டமைப்பை அமைக்கப்போவதாக அறிவித்தன. 2025 ஜனவரியில் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது.

இந்த மண்ணில் பால் மரம் சீவியவர்களும் செம்பனைக் குலை வெட்டியவர்களும் நம் தாத்தா பாட்டிமார்தான். என் தாத்தாவும் கூலாய் வட்டாரத் தோட்டம் ஒன்றில் குலை வெட்டியவர். அதே வட்டாரத்தில் இப்போது எழும் கட்டடங்களில் நம் பிள்ளைகளுக்கு என்ன வேலை? கட்டுமானம், காவல், துப்புரவு ஆகியவை உழைத்துச் சாப்பிடும் கௌரவமான வேலைகள்தான். ஆனால், உள்ளே ஓடும் கணினிகளைக் கவனிக்கும் நாற்காலியில் யார் உட்காரப்போகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

நான் ஜொகூரில் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி தேசிய இடைநிலைப்பள்ளி வழியாக இங்கே வந்தவன். அந்த நாற்காலிக்குப் போகும் வழி ஒரு கறுப்புத் திரை வழியாகப் போகிறது. அதற்குக் கட்டளை வரி என்று பெயர். அதை வீட்டில் இருந்தபடி, காசு செலவில்லாமல் கற்க முடியும் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தரவு மையம் கட்டி முடிந்த பிறகு ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும் இடம் அல்ல. முதலீட்டுத் தொகையைப் பார்த்துவிட்டு வேலை மழை பொழியும் என்று நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் இந்தத் திறன் தரவு மையத்துக்கு மட்டும் உரியதல்ல. பாசிர் கூடாங் தொழிற்சாலை, தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்தைச் சுற்றியுள்ள சரக்கு நிறுவனம், மருத்துவமனை, கல்லூரி என எல்லா இடத்திலும் சர்வர் இருக்கிறது. அதைக் கவனிக்க ஒருவர் வேண்டும்.

ஒரு பங்களா, இருபது அறைகள்

சர்வர் என்பது நம் மேசைக் கணினிக்கு அண்ணன். நினைவகம் அதிகம், இரவும் பகலும் அணையாமல் ஓடும். அவ்வளவு பெரிய கணினியை ஒரே ஒரு வேலைக்கு ஒதுக்குவது, இருபது அறை பங்களாவில் ஒருவர் மட்டும் குடியிருப்பது போன்றது. அதனால் பங்களாவை அறை அறையாகப் பிரித்து, ஒவ்வோர் அறைக்கும் தனிக் கதவும் தனிப் பூட்டும் போட்டு வாடகைக்கு விடுகிறார்கள். ஓர் அறையில் கணக்கு மென்பொருள், இன்னோர் அறையில் மின்னஞ்சல், மற்றோர் அறையில் இணையத்தளம். ஓர் அறையில் விளக்கு அணைந்தாலும் மற்ற அறைகளில் வேலை நடந்துகொண்டே இருக்கும்.

இந்த அறைகளுக்கு மெய்நிகர்க் கணினி என்று பெயர். பங்களாதான் ஹோஸ்ட். யாருக்கு எவ்வளவு நினைவகம், எவ்வளவு வட்டு என்று பங்கு பிரித்துக் கொடுக்கும் மென்பொருள் ஹைப்பர்வைசர்.

இது புதிய சிந்தனை இல்லை. ஐ.பி.எம். நிறுவனம் 1960-களிலேயே தன் பெரிய கணினிகளில் இதைச் செய்து பார்த்தது. 1998-இல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம் இதைச் சாதாரணக் கணினிகளுக்குக் கொண்டு வந்தது. 2005-இல் இன்டெல், 2006-இல் ஏ.எம்.டி. ஆகியவை தங்கள் சில்லுகளிலேயே இதற்கான வசதியைச் சேர்த்தன. 2007 பிப்ரவரியில் கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு பகுதியாகவே ஆனது. அன்று முதல் யார் வேண்டுமானாலும் இலவசமாக ஒரு பங்களா கட்டலாம்.

2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கியது. ஒருமுறை வாங்கினால் நிரந்தரம் என்றிருந்த உரிமத்தை நிறுத்திவிட்டு, சந்தா முறைக்கு மாற்றியது. உலகம் முழுவதும் பல நிறுவனங்கள் வேறு வழி தேடின. கேவிஎம், அதன்மேல் இயங்கும் ஆஸ்திரியாவின் பிராக்ஸ்மாக்ஸ் போன்றவை பக்கம் பலர் போனார்கள். ஒரு நிறுவனத்தின் திரையில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் முதலிலிருந்து கற்க வேண்டியதாயிற்று. வட்டு, நினைவகம், வலைப்பின்னல் ஆகியவை அடியில் எப்படி இயங்குகின்றன என்று தெரிந்தவர்களுக்கு அந்த மாற்றம் அவ்வளவு பாரமாக இல்லை. கட்டளை வரி கற்றுத்தருவது அந்த அடிப்படையைத்தான்.

சுட்டி இல்லாத வேலை

சர்வர்களுக்குப் பெரும்பாலும் திரையும் இல்லை, சுட்டியும் இல்லை. அது கூலாயில் இருக்கும். கவனிப்பவர் கோலாலம்பூரில் இருப்பார். இருவரையும் இணைப்பது எஸ்.எஸ்.எச். என்ற பாதுகாப்பான இணைப்பு. 1995-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலைப்பின்னலில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டார்கள். அதைக் கண்டு அங்கே ஆய்வாளராக இருந்த தாத்து யுலோனன் என்பவர் எழுதியதுதான் எஸ்.எஸ்.எச். போவதும் வருவதும் வெறும் எழுத்து என்பதால் மெதுவான இணைப்பிலும் வேலை நடக்கும்.

கட்டளை வரியின் இரண்டாவது பலம், ஒருமுறை எழுதியதை மறுபடி மறுபடி ஓட்டலாம் என்பது. ஐம்பது கணினிகளில் ஒரே மாற்றம் செய்ய வேண்டுமானால் ஐம்பது முறை பொத்தானை அழுத்தத் தேவையில்லை. பத்து வரியில் ஒரு கோப்பு எழுதினால் போதும். மூன்றாவது, என்ன செய்தோம் என்பது எழுத்தில் பதிவாகிவிடும். அடுத்து வருபவர் படித்துப் புரிந்துகொள்ளலாம்.

கேவிஎம் ஹோஸ்டைக் கவனிக்க விர்ஷ் என்ற கருவி உண்டு. அதனோடு லிஸ்ட் என்று சேர்த்து எழுதினால், எந்தெந்த மெய்நிகர்க் கணினி ஓடுகிறது என்று காட்டும். ஆல் என்றும் சேர்த்தால் ஓடாமல் இருப்பதையும் காட்டும். ஸ்டார்ட் என்றால் தொடங்கும். ஷட்டவுன் என்றால் உள்ளே இருக்கும் இயங்குதளத்திடம், வேலையை முடித்துவிட்டுத் தூங்கப் போ என்று கேட்டுக்கொள்ளும்.

டெஸ்ட்ராய் என்றும் ஒரு கட்டளை இருக்கிறது. பெயரைப் பார்த்தால் எல்லாவற்றையும் அழித்துவிடும் என்று தோன்றும். உண்மையில் அது வட்டை அழிப்பதில்லை. ஓடும் கணினியின் மின்கம்பியைப் பிடுங்குவது போன்றது அவ்வளவே. கேட்டும் அடங்காத கணினிக்குக் கடைசி வழி. ஆனால், எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் கெடலாம். பெயரை வைத்து ஊகிக்காமல் விளக்கத்தைப் படித்த பிறகே ஒரு கட்டளையை இட வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம். விளக்கம் எங்கேயோ இல்லை. மேன் என்று தட்டி, பக்கத்தில் கட்டளையின் பெயரை எழுதினால் கையேடு அங்கேயே திறக்கும்.

கடிதம் கொடுக்கும் உரையாடல்

அடுத்தது மின்னஞ்சல் சர்வர். இரண்டு சர்வர்கள் கடிதம் பரிமாறிக்கொள்ளும் மொழிக்கு எஸ்.எம்.டி.பி. என்று பெயர். 1982-இல் ஜான் போஸ்டல் எழுதி வெளியிட்ட விதிகள் இன்றும் அடித்தளமாக இருக்கின்றன. அது மனிதர் பேசுவது போலவே இருக்கும் என்பதுதான் வேடிக்கை.

முதலில் அனுப்பும் சர்வர் வணக்கம் சொல்லித் தன் பெயரைச் சொல்கிறது. எதிர் சர்வர் 250 என்ற எண்ணோடு பதில் சொல்கிறது. சரி என்று பொருள். பிறகு, இன்னாரிடமிருந்து கடிதம் என்கிறது. மறுபடி 250. இன்னாருக்கு என்கிறது. மறுபடி 250. அதன்பின் கடிதத்தை வாசித்துவிட்டு, ஒரு வரியில் ஒரே ஒரு புள்ளியை மட்டும் வைக்கிறது. கடிதம் முடிந்தது என்று அதற்குப் பொருள். பயிற்சிக்காக அமைத்த சர்வரோடு இந்த உரையாடலை நாமே தட்டச்சு செய்து நடத்திப் பார்க்கலாம். மின்னஞ்சல் என்ற மாயம் அன்றோடு தெளிந்துவிடும்.

பதில் எண்களும் முக்கியம். 4-இல் தொடங்கினால், வீடு பூட்டியிருக்கிறது, அப்புறம் வா என்று அர்த்தம். 5-இல் தொடங்கினால், அப்படி ஒருவர் இங்கே இல்லை, திரும்ப வராதே என்று அர்த்தம். 4 வந்தால் அனுப்பும் சர்வர் கடிதத்தை வரிசையில் வைத்துக்கொண்டு விட்டுவிட்டு முயலும். 1998-இல் வீட்சே வெனிமா என்ற டச்சுக்காரர் ஐ.பி.எம். ஆய்வகத்தில் இருந்தபோது வெளியிட்ட போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மின்னஞ்சல் மென்பொருள், வேறு எதுவும் சொல்லாவிட்டால் 5 நாள் வரை முயன்று பார்க்கும். மெயில்கியூ என்று தட்டினால், எந்தக் கடிதம் எதற்காகக் காத்திருக்கிறது என்று காரணத்தோடு காட்டும்.

ஒரு திங்கட்கிழமை காலை

கடந்த விடுமுறையில் ஒரு சிறிய சரக்கு நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். அங்கே சர்வர்களைக் கவனித்தவர் போலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்த ஓர் அண்ணன். ஒரு திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு யாருக்கும் மின்னஞ்சல் வரவில்லை. சிங்கப்பூர் வாடிக்கையாளர் அனுப்பிய ஆவணம் கைக்கு வந்தால்தான் லோரி பாலத்தைத் தாண்ட முடியும். மின்னஞ்சல் பக்கத்தைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"மெஷினை ஒருதடவை அடைச்சுத் திறந்தா சரியாப் போயிடும் தம்பி," என்றார் கணக்குப் பிரிவு அக்கா.

"இருங்கக்கா, முதல்ல அது என்ன சொல்லுதுன்னு கேட்போம்," என்று சொல்லிவிட்டு அண்ணன் கறுப்புத் திரையைத் திறந்தார்.

விர்ஷ் லிஸ்ட் கட்டளையில் மின்னஞ்சல் கணினியின் நிலை, ஓடுகிறது என்றும் இல்லை, நின்றுவிட்டது என்றும் இல்லை. இடைநிறுத்தம் என்று இருந்தது. யாரும் நிறுத்தவில்லையே, எப்படி? அடுத்து டிஎஃப் என்று தட்டினார். ஹோஸ்டின் வட்டு 100 விழுக்காடு நிரம்பியிருந்தது. எழுத இடமில்லை என்றால், உள்ளிருக்கும் தரவு கெடாமல் இருக்க ஹைப்பர்வைசர் அந்த மெய்நிகர்க் கணினியை அப்படியே உறைய வைத்துவிடும்.

காரணத்தையும் விளக்கினார். மெய்நிகர்க் கணினிகளுக்குக் காகிதத்தில் கொடுத்த வட்டு அளவின் கூட்டுத்தொகை, உண்மையில் இருக்கும் வட்டைவிட அதிகம். யாரும் முழுவதையும் ஒரே நேரத்தில் பயன்படுத்த மாட்டார்கள் என்ற நம்பிக்கை. 500 பேருக்குப் பத்திரிகை கொடுத்துவிட்டு 300 பேருக்குச் சமைப்பது போல. அதோடு, தினமும் இரவு ஓடும் காப்பு நகல் நிரல் மூன்று மாத நகல்களையும் அதே வட்டில் சேர்த்து வைத்திருந்தது. டியூ என்ற கட்டளை எந்தக் கோப்புறை எவ்வளவு தின்கிறது என்று காட்டிக்கொடுத்தது.

பழைய நகல்களை வேறு வட்டுக்கு மாற்றி, அங்கே சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்த்த பிறகே இங்கே அழித்தார். பின்பு ரெஸ்யூம் என்று ஒரு சொல். உறைந்த கணினி விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கியது. சற்று நேரத்தில் மின்னஞ்சல்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. வார இறுதியில் அனுப்பியவை எங்கும் தொலையவில்லை. அனுப்பிய சர்வர்கள் அவற்றைத் தங்கள் வரிசையில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி கதவைத் தட்டிக்கொண்டிருந்தன. 1982-இல் எழுதிய விதியின் பொறுமை அது.

அன்று கணினியை அடைத்துத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வட்டு நிரம்பியே இருந்திருக்கும். நினைவகத்தில் எழுதக் காத்திருந்த தரவு போயிருக்கும். அண்ணன் பயன்படுத்திய கட்டளைகள் ஐந்தாறுதான். என் கண்ணில் பட்டது கட்டளைகளைவிட அவற்றின் வரிசை. முதலில் கேட்டார், அடுத்து காரணத்தைக் கண்டார், கடைசியில்தான் கை வைத்தார்.

நம் கடிதம் ஏன் குப்பையில் விழுகிறது?

எஸ்.எம்.டி.பி. எழுதப்பட்ட காலத்தில் இணையம் ஒருவரை ஒருவர் அறிந்த சிறு கூட்டம். அதனால், இன்னாரிடமிருந்து கடிதம் என்று யார் சொன்னாலும் நம்பிவிடும். மோசடிக்காரர்கள் நுழைந்தது இந்த ஓட்டை வழியாகத்தான். பின்னாளில் மூன்று பூட்டுகள் சேர்த்தார்கள். எந்த சர்வர் எங்கள் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல் எஸ்.பி.எஃப். கடிதத்தில் இடும் மறைகுறியீட்டு முத்திரை டிகிம். இரண்டும் பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்ற அறிவிப்பு டிமார்க். 2024 பிப்ரவரி முதல், மொத்தமாக மின்னஞ்சல் அனுப்புவோருக்கு இம்மூன்றையும் ஜிமெயிலும் யாகூவும் கட்டாயமாக்கின.

எனக்குத் தெரிந்த மாணவர் இயக்கம் ஒன்று அனுப்பிய அழைப்பிதழ்கள் எல்லாம் குப்பைப் பெட்டியில் விழுந்தன. டிக் என்ற கட்டளையால் அவர்களின் இணையப் பெயரைக் கேட்டுப் பார்த்தோம். பட்டியலில் அவர்கள் பயன்படுத்தும் அஞ்சல் சேவையின் பெயரே இல்லை. ஒரு வரி சேர்த்ததும் நிலைமை சீரானது. நம் கோயில்கள், சங்கங்கள், சிறு வணிகங்கள் பலவற்றுக்கு இந்த உதவி தேவைப்படுகிறது. கற்றவர் ஒருவர் அரை மணி நேரத்தில் செய்யக்கூடிய சேவை இது.

தமிழுக்கும் இதில் இடம் உண்டு

எஸ்.எம்.டி.பி. தொடக்கத்தில் ஆங்கில எழுத்துகளை மட்டுமே சுமந்தது. 1990-களில் தமிழில் மின்னஞ்சல் எழுதப் பலருக்குக் கைகொடுத்தது மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல். இன்று யூனிகோட் இருக்கிறது. 'அம்மா' என்று எழுதினால் கணினிக்கு அது 5 குறியீடுகள், 15 பைட்டுகள். பழைய சர்வர்களும் சுமக்கும்படி மாற்றி எழுதும்போது 20 ஆங்கில எழுத்துகளாகி, மறுமுனையில் மறுபடி அம்மாவாகிறது.

2012-இல் வெளியான விதி, முகவரியையே தமிழில் வைத்துக்கொள்ள வழி திறந்தது. போஸ்ட்ஃபிக்ஸ் 2015 முதல் அதை ஏற்கிறது. பாலத்துக்கு அப்பால் .சிங்கப்பூர் என்று தமிழிலேயே இணையப் பெயர் முடியலாம். ஆனாலும் தமிழ் முகவரியை ஏற்காத சர்வர்கள் இன்னும் நிறைய உள்ளன. விதி இருந்தும் அமைப்பில் இயக்கிவைக்க ஆள் வேண்டும். நம் மொழி தெரிந்த சர்வர் நிர்வாகிகள் பெருகுவது இதனாலும் அவசியம்.

எப்படித் தொடங்குவது?

8 கிகாபைட் நினைவகம் உள்ள பழைய மடிக்கணினி போதும். அதில் டெபியன் லினக்ஸை நிறுவுங்கள். முக்கியமான கோப்புகளை அதற்குமுன் வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள். கேவிஎம் சேர்த்து, இரண்டு சிறிய மெய்நிகர்க் கணினிகளை உருவாக்குங்கள். இரண்டிலும் போஸ்ட்ஃபிக்ஸ் நிறுவி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடிதம் அனுப்புங்கள். உள் வலைப்பின்னலிலேயே வைத்துக்கொள்ளுங்கள், இணையத்தில் திறந்துவிட வேண்டாம். காவல் இல்லாத மின்னஞ்சல் சர்வரைக் குப்பை அஞ்சல் கும்பல் வெகு சீக்கிரம் கண்டுபிடித்துவிடும்.

கடிதம் போய்ச் சேர்ந்ததும் நிறுத்திவிடாதீர்கள். வேண்டுமென்றே வட்டை நிரப்புங்கள். வாங்கும் கணினியை அணைத்துவிட்டு, அனுப்பும் கணினியின் வரிசையில் கடிதம் காத்திருப்பதைப் பாருங்கள். காப்பு நகல் எடுத்து, அசலை அழித்து, நகலிலிருந்து மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத நகலை நகல் என்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நேர்முகத் தேர்வில் அந்த நோட்டு பேசும்.

ஆங்கிலம் சரளமாக வராதே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அன்றாட வேலைக்குத் தேவையான கட்டளைகள் ஐம்பதைத் தாண்டாது. நாம் தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளோடு வளர்ந்தவர்கள். ஐம்பது சொல் உள்ள நான்காவது மொழி நமக்குப் பாரமா? பிழைச் செய்தியைப் பார்த்ததும் மூடிவிடாமல் நிறுத்திப் படிக்கும் பழக்கம்தான் முக்கியம். ரெட்ஹேட் நிறுவனத்தின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. சான்றிதழ்த் தேர்வில்கூடக் கட்டுரை எழுதச் சொல்வதில்லை. கணினியைக் கொடுத்து, வேலையைச் செய்து காட்டச் சொல்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. பயிற்சி எல்லாம் உங்கள் சொந்தக் கணினியில் மட்டும். அனுமதியில்லாமல் பிறர் சர்வருக்குள் நுழைவது 1997-ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின்கீழ் குற்றம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை கறுப்புத் திரையில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தால் விளையாட்டு என்று நினைத்து அணைத்துவிடாதீர்கள். என்ன செய்கிறாய் என்று கேளுங்கள். எஸ்.பி.எம். முடித்து அடுத்தது என்ன என்று யோசிக்கும் தம்பி தங்கைகள், போலிடெக்னிக்கிலோ பல்கலைக்கழகத்திலோ விண்ணப்ப முடிவு வரும்வரை காத்திருக்கும் சில மாதங்களை இதற்குச் செலவிடலாம். கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. உள்ளே போக ஆள் தேடும் நாளில், எனக்கு இந்த வேலை தெரியும் என்று சொல்லக்கூடியவராக நீங்கள் இருக்க வேண்டும்.